பத்து ஆதாரம் வேண்டுமாம்: எங்கே தேடுவது, எதை நம்புவது?

கேட்டவர் · மார்ச் 2, மாலை 6.15

பள்ளி ஆய்வுத் திட்டம். தலைப்பு: இரவில் கைபேசி பார்ப்பது மாணவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறதா? குறைந்தது பத்து ஆதாரம் காட்ட வேண்டும், அதில் குறைந்தது ஐந்து ஆய்விதழ்க் கட்டுரையாக இருக்க வேண்டும். கூகுளில் போட்டால் வந்து கொட்டுகிறது. எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: நீல ஒளி, மெலடோனின் (தூக்கத்துக்கான ஹார்மோன்), தூக்கம் போச்சு. இருபது தளங்கள் ஒரே மாதிரி சொன்னால் அது உண்மையாகத்தானே இருக்கும்? அதிலிருந்து பத்தை எடுத்துப் பட்டியல் போட்டால் என்ன தவறு?

நூலக மேசை · மார்ச் 2, இரவு 8.05

ஒருவர் சொன்னதை இருபது பேர் திருப்பிச் சொன்னாலும் சாட்சி ஒருவர்தான். அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

உங்கள் தலைப்பிலேயே பார்க்கலாம். இந்தப் பேச்சு வந்தால் அடிக்கடி கைகாட்டப்படும் கட்டுரை ஒன்று உண்டு. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் பி.என்.ஏ.எஸ். இதழில், 2014 டிசம்பரில் இணையத்திலும் 2015 ஜனவரியில் இதழிலும் வந்தது. அதை வைத்து எழுதப்படும் செய்திகளில் "கைபேசித் திரை தூக்கத்தைக் கெடுக்கும்" என்று இருக்கும். கட்டுரையைத் திறந்து பாருங்கள். பங்கேற்றவர்கள் 12 பேர், எல்லோரும் ஆரோக்கியமான இளைஞர்கள், பள்ளி மாணவர்கள் இல்லை. கருவி ஐபேட், வெளிச்சம் உச்சத்தில். மங்கலான அறையில், படுக்கும் முன் சுமார் 4 மணி நேரம் வாசிப்பு, தொடர்ந்து 5 மாலைகள். ஒப்பிட்டது அச்சுப் புத்தகத்தோடு. மெலடோனின் சுமார் 55 சதவீதம் குறைந்தது. தூங்கிப்போக ஆன கூடுதல் நேரம் கிட்டத்தட்ட 10 நிமிடம்.

ஆய்வகத்தில் கட்டுப்பாட்டோடு செய்த ஒழுங்கான ஆய்வுதான் இது. ஆனால் "மாலையில் பிரகாசமான திரை மெலடோனினைக் குறைக்கிறது" என்ற வாக்கியத்தை இது தாங்கும், "அரைமணி நேரம் கைபேசி பார்க்கும் பத்தாம் வகுப்பு மாணவரின் தூக்கம் கெடுகிறது" என்பதைத் தாங்காது. ஆதாரம் நல்லதா கெட்டதா என்று தனியாக வைத்து எடைபோட முடியாது. உங்கள் கட்டுரையின் எந்த வாக்கியத்துக்கு அது முட்டுக்கொடுக்கப் போகிறது என்று சொன்னால்தான் எடைபோட முடியும்.

ஆகவே பட்டியலை ஒதுக்கி வையுங்கள். முதலில் நீங்கள் எழுதப்போகும் ஆறு ஏழு வாக்கியங்களைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் தேடுங்கள். பத்து தானாக வந்து சேரும்.

கேட்டவர் · மார்ச் 2, இரவு 9.20

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் போன் ஸ்லீப் என்று போட்டேன் மேடம். லட்சக்கணக்கில் முடிவு காட்டுகிறது. அந்த 12 பேர் கட்டுரை முதல் பக்கத்தில் வரவில்லை.

நூலக மேசை · மார்ச் 3, காலை 7.40

வராது. அந்தக் கட்டுரையின் தலைப்பில் போன் என்ற சொல்லே கிடையாது, "ஒளி உமிழும் ஈ-ரீடர்" என்றுதான் இருக்கிறது. நாம் பேசும் சொல் ஒன்று, துறைக்காரர்கள் எழுதும் சொல் வேறு. தேடல் தோற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

துறைச் சொற்களைப் பிடிக்கச் சுலபமான வழி: ஓரளவு பொருந்தும் கட்டுரை ஒன்றை எடுத்து, சுருக்கத்துக்குக் கீழே இருக்கும் கீவேர்ட்ஸ் வரியைப் பாருங்கள். உங்கள் தலைப்புக்கு ஸ்லீப் ஆன்செட் லேட்டன்சி (படுத்தபின் தூங்கிப்போக ஆகும் நேரம்), ஸ்க்ரீன் டைம், அடலசென்ட் (பதின்பருவத்தினர்), ஸ்லீப் ட்யூரேஷன் (தூங்கும் நேர அளவு), மெலடோனின் என்று கிடைக்கும். இவற்றை மூன்று கூடையாகப் பிரியுங்கள்: யார், எது, என்ன விளைவு. ஒவ்வொரு கூடைக்குள்ளும் ஒரே பொருளுள்ள சொற்களை 'ஆர்' போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். அந்த 'ஆர்' பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், சின்ன எழுத்தில் போட்டால் ஸ்காலர் அதைக் கண்டுகொள்ளாது. இரண்டு மூன்று சொல் சேர்ந்து வரும் தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், இல்லையென்றால் சொற்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிய கட்டுரையெல்லாம் வரும்.

முடிவு எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். எத்தனை லட்சம் என்று சொன்னாலும் ஸ்காலர் ஒரு தேடலுக்கு 1,000 முடிவுக்கு மேல் காட்டாது. முதல் மூன்று பக்கத்தில் பொருந்துவது கிடைக்கவில்லை என்றால் பக்கம் புரட்டிக்கொண்டே போகாதீர்கள், சொல்லை மாற்றுங்கள்.

இடப்பக்கம் 'ரிவ்யூ ஆர்ட்டிகிள்ஸ்' என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. முதல் நாள் அதைத்தான் அழுத்த வேண்டும். தொகுப்பாய்வு ஒன்று கிடைத்துவிட்டால், பல வருட ஆய்வுகளை யாரோ உட்கார்ந்து வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதன் பின்பக்கப் பட்டியல் உங்கள் தேடலில் பாதி.

நூலக மேசை · மார்ச் 3, காலை 7.55

விட்டுப்போனது. ஒவ்வொரு முடிவுக்கும் கீழே 'சைட்டட் பை' என்று ஓர் எண் இருக்கும். பட்டியல் உங்களைப் பின்னோக்கி அழைத்துப் போகிறது, இந்த எண் முன்னோக்கி: இந்தக் கட்டுரையை அதற்குப் பிறகு எடுத்தாண்டவர்கள் யார் யார் என்று காட்டும். அழுத்தியபின் மேலே ஒரு சின்னப் பெட்டி வரும், அதை டிக் செய்தால் அந்த எடுத்தாண்ட கட்டுரைகளுக்குள் மட்டும் தேடலாம். 2015 கட்டுரைக்குள் போய் அடலசென்ட் என்று தேடுங்கள். அந்த ஆய்வை மாணவர்களிடம் செய்து பார்த்தவர்கள், அதோடு முரண்பட்டவர்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். முரண்படுபவர் ஒருவராவது உங்கள் பத்தில் இருக்கட்டும்.

கேட்டவர் · மார்ச் 3, மாலை 5.30

தேதி வாரியாக அடுக்கச் சொன்னால் முடிவுகள் திடீரென்று ரொம்பக் குறைந்துவிடுகிறதே? பிறகு, நல்லதாகத் தெரிகிற நான்கு கட்டுரைக்குக் காசு கேட்கிறது. சுருக்கம் மட்டும் படித்து ஆதாரமாகப் போடலாமா?

நூலக மேசை · மார்ச் 3, இரவு 8.30

முதலாவது: ஸ்காலரில் 'சார்ட் பை டேட்' போட்டால் கடந்த ஓராண்டில் சேர்ந்தவை மட்டுமே வரும். பழையவை காணாமல் போனதாக நினைக்க வேண்டாம். இடப்பக்கம் 'சின்ஸ்' என்று ஆண்டு தரும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது: போடக்கூடாது. சுருக்கத்தில் 12 பேர் என்று இருக்கலாம், உச்ச வெளிச்சம் என்பது முறைகள் பகுதியில்தான் இருக்கும். காசு கொடுக்காமல் முழுக் கட்டுரை பெற நேர்மையான வழிகள் இருக்கின்றன. இந்த வரிசையில் முயலுங்கள்.

ஸ்காலர் முடிவின் வலப்பக்கம் பி.டி.எஃப் சுட்டி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' அழுத்துங்கள். ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஒரு படி இருக்க வாய்ப்புண்டு. உலாவியில் அன்பேவால் நீட்சியைப் போட்டுக்கொண்டால், கட்டுரைப் பக்கத்தைத் திறக்கும்போதே சட்டப்படி இலவசப் படி இருந்தால் பச்சைப் பூட்டு காட்டும். உடல்நலம் சார்ந்தது என்றால் பப்மெட் சென்ட்ரலில் தேடுங்கள், அங்கே இருப்பதெல்லாம் முழுக் கட்டுரை. (பப்மெட் வேறு, பப்மெட் சென்ட்ரல் வேறு. முன்னது சுருக்கங்களின் அட்டவணை, பின்னது முழு உரைக் களஞ்சியம்.) எதுவும் இல்லையென்றால் கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்கான ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். நான்கு வரி எழுதுங்கள்: யார் நீங்கள், எந்தக் கட்டுரை, எதற்கு. தங்கள் கட்டுரையைத் தனிப்பட்ட முறையில் அனுப்புவது ஆய்வாளர்களிடையே வழக்கம். பதில் வர ஒரு வாரம் ஆகலாம், ஆகவே முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள்.

களஞ்சியத்துப் படியில் ஒரு சிக்கல். அது இதழுக்கு அனுப்புவதற்கு முந்தைய வரைவாக இருக்கலாம், எண்கள் மாறியிருக்கலாம். இதழின் பக்கத்தில் இருக்கும் சுருக்கத்தோடு எண்களை ஒப்பிட்டுவிட்டு எடுத்தாளுங்கள்.

எண்கணக்கு · மார்ச் 4, காலை 6.50

குறுக்கிடுகிறேன். கட்டுரை கையில் கிடைத்ததும் முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படிக்க உட்காராதீர்கள். சுருக்கம், பிறகு அட்டவணைகள், பிறகு முறைகள், பிறகு விவாதப் பகுதியின் கடைசியில் வரும் 'லிமிட்டேஷன்ஸ்' (ஆசிரியர்களே சொல்லும் குறைகள்), பிறகு நிதி உதவி பற்றிய குறிப்பு. ஒரு கட்டுரைக்கு முதல் சுற்றில் இருபது நிமிடம் போதும். வைத்துக்கொள்வது என்று முடிவானால் மட்டும் முழுதாகப் படியுங்கள்.

அட்டவணையில் பார்க்க வேண்டியது மூன்று. எத்தனை பேர். எப்படி அளந்தார்கள். வித்தியாசம் எவ்வளவு, எந்த அலகில்.

தூக்க ஆய்வுகளில் நடுவில் உள்ளதுதான் கழுத்தறுப்பு. "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்" என்று மாணவரிடம் கேட்டு எழுதுவது ஒரு வகை. மணிக்கட்டில் அசைவு அளக்கும் கருவி கட்டி எடுப்பது இன்னொரு வகை. தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலையைப் பதிவது மூன்றாவது. மூன்றும் ஒரே எண்ணைத் தராது. கைபேசி நேரத்துக்கும் இதே கதை: ஞாபகத்திலிருந்து சொல்வதும் கைபேசியே பதிவு செய்வதும் ஒத்துப்போவதில்லை. ஆயிரம் பேரிடம் வாய்மொழியாகக் கேட்ட ஆய்வும் ஆய்வகத்தில் 12 பேரை வைத்துச் செய்த ஆய்வும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. ஆள் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்த வேண்டாம்.

சதவீதம் வந்தால் எதில் சதவீதம் என்று கேளுங்கள். 10,000 பேரில் ஒருவருக்கு இருந்தது 10,000 பேரில் இருவருக்கு ஆனால் 100 சதவீத உயர்வு. தலைப்புச் செய்திக்கு அந்த 100 போதும், உங்கள் கட்டுரைக்கு இரண்டு எண்ணும் வேண்டும். மேலே சொன்ன 55 சதவீதமும் 10 நிமிடமும் ஒரே ஆய்விலிருந்து வந்தவை என்பதை மறக்க வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது நியாயமில்லை.

கேட்டவர் · மார்ச் 4, மாலை 6.00

வகுப்பில் கொடுத்த தாளில் "பியர் ரிவ்யூ செய்யப்பட்ட இதழில் வந்திருந்தால் நம்பலாம்" என்று இருக்கிறது. அதைப் பார்த்தால் போதாதா?

நூலக மேசை · மார்ச் 4, இரவு 9.15

போதாது. பியர் ரிவ்யூ என்பது துறை அறிஞர்கள் படித்துக் குறை சொல்வது, அவ்வளவுதான். நல்ல இதழில் வருவதெல்லாம் ஆய்வுக் கட்டுரையும் இல்லை. ஆசிரியர் உரை, கருத்து, கடிதம், மறுப்பு என்று பலவும் அதே இதழில், அதே எழுத்துருவில் வரும்.

1980ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கடிதம் வந்தது. ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்து ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்து ஒரு முறையாவது பெற்ற 11,882 பேரின் பதிவுகளைப் பார்த்ததில், அடிமையானதாக ஓரளவு உறுதியாகப் பதிவானது 4 பேர் மட்டும் என்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், நர்ஸ் கையால் மருந்து வாங்கியவர்கள். வீட்டுக்குப் போனபின் மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

2017ல் அதே இதழில் ஓர் அலசல் வந்தது. அந்தக் கடிதம் 608 முறை எடுத்தாளப்பட்டிருந்தது. அதில் 72 சதவீதம் பேர், ஓபியாய்டு மருந்தால் அடிமையாவது அரிது என்பதற்கு ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். உள்நோயாளிகளைப் பற்றிய தகவல் என்பதைக் குறிப்பிடாதவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல். பிறகு என்ன ஆனது என்று தெரியும், இந்த வகை மருந்துகளுக்கு அடிமையாகி வட அமெரிக்காவில் உயிர்கள் கொத்துக்கொத்தாகப் போயின. கடிதம் மட்டுமே அதற்குக் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த 608 பேரில் எத்தனை பேர் ஐந்து வாக்கியத்தைப் படிக்க ஒரு நிமிடம் செலவழித்திருப்பார்கள்? இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. எண் சரி, இதழ் பெரியது, எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. எடுத்தாண்டவர்கள் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பக்கத்தின் தலையில் என்ன வகை என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்: ஒரிஜினல் ஆர்ட்டிகிள், ரிவ்யூ, லெட்டர், எடிட்டோரியல், காமென்ட்டரி. உங்கள் குறிப்பில் அதற்கென ஒரு கட்டம் வையுங்கள்.

எண்கணக்கு · மார்ச் 4, இரவு 10.40

பெரிய இதழ் என்பதற்கும் இதையே சேர்க்கலாம். லான்செட் என்ற மருத்துவ இதழில் 1998ல் 12 குழந்தைகளை வைத்து வந்த தடுப்பூசி-ஆட்டிசம் கட்டுரை திரும்பப் பெறப்பட 2010 ஆனது. 12 ஆண்டு. அதே லான்செட்டில் 2020 மே 22ல் 96,032 நோயாளிகள், 671 மருத்துவமனைகள் என்று வந்த, கொரோனாவுக்கு ஹைட்ராக்சிக்ளோரோகுயின் (மலேரியா மருந்து) கொடுப்பது பற்றிய கட்டுரை ஜூன் 4ல் திரும்பப் பெறப்பட்டது. 13 நாள். எண்ணிக்கை பிரம்மாண்டமாக இருந்தது, மூலத் தரவைத் தனி ஆட்கள் சரிபார்க்கக் கேட்டபோது கிடைக்கவில்லை.

நூலக மேசை · மார்ச் 5, காலை 7.20

திரும்பப் பெற்றதைக் கண்டுபிடிக்கும் முறை, எண்கணக்கு சொன்னதற்குத் தொடர்ச்சியாக.

இதழின் சொந்தப் பக்கத்தில் கட்டுரைமேல் பெரிதாக முத்திரை இருக்கும். பப்மெட்டிலும் எச்சரிக்கைப் பட்டை வரும். ஆனால் யாரோ பல வருடம் முன்பு இறக்கி வேறு தளத்தில் போட்ட பி.டி.எஃப்பில் எந்த முத்திரையும் இருக்காது. ஆகவே பி.டி.எஃப் எங்கே கிடைத்தாலும், அதிலிருக்கும் டி.ஓ.ஐ. எண்ணை (கட்டுரையின் நிலையான அடையாளம், 10 என்று தொடங்கி, புள்ளி, பிறகு சாய்கோடு வரும்) டி.ஓ.ஐ. தளத்தில் இட்டு இதழின் பக்கத்துக்கே போய் ஒருமுறை பாருங்கள். ஆதாரங்களைச் சேமித்துவைக்கும் ஸோட்டெரோ மென்பொருளைப் பயன்படுத்தினால் திரும்பப் பெற்றவற்றைச் சிவப்பாகக் காட்டிக் கொடுக்கும், 2019 முதல் அந்த வசதி உண்டு. அதற்கு அடித்தளம், திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் திரட்டும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம். 2023ல் டி.ஓ.ஐ. எண் வழங்கும் கிராஸ்ரெஃப் அமைப்பு அதை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது.

கேட்டவர் · மார்ச் 5, மாலை 7.10

ஒரு இதழ் கிடைத்தது. ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறது, இம்பாக்ட் ஃபேக்டர் (கட்டுரைகள் எவ்வளவு எடுத்தாளப்படுகின்றன என்ற எண்) போட்டிருக்கிறது, ஆசிரியர் குழு இருக்கிறது. "72 மணி நேரத்தில் பியர் ரிவ்யூ" என்றும் இருக்கிறது. சரியாக இருக்குமா?

நூலக மேசை · மார்ச் 5, இரவு 9.00

கடைசி வரியே பதில். இரண்டு மூன்று துறை அறிஞர்கள் படித்து, குறை சொல்லி, ஆசிரியர் திருத்தி, மறுபடி பார்க்க வாரங்களும் மாதங்களும் ஆகும். 72 மணி நேரத்தில் நடப்பது காசு வாங்கிக்கொண்டு பதிப்பிப்பது.

ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண். தரச்சான்று கிடையாது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். லான்செட்டின் 0140-6736ஐ எடுங்கள்: முதல் ஏழு இலக்கங்களை 8, 7, 6, 5, 4, 3, 2 என்று பெருக்கிக் கூட்டினால் 82. 11ஆல் வகுத்தால் மீதி 5. 11லிருந்து 5 போக 6. கடைசி இலக்கம் 6, சரி. இது தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும், மோசடியைப் பிடிக்காது. நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஐ.எஸ்.எஸ்.என். தளத்தில் எண்ணை இட்டு, அங்கே பதிவான பெயரும் பதிப்பாளரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இதழின் தளம் தன்னைப் பற்றிச் சொல்வதைப் படித்து முடிவு செய்ய முடியாது. வெளியே வந்து, புதிய டேபில் மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேட வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் 2017ல் வெளியான ஓர் ஆய்வில் 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 இளங்கலை மாணவர்கள் ஆகியோரைத் தளங்களை எடைபோடச் சொன்னார்கள். சரிபார்ப்பாளர்களே வேகமாகவும் சரியாகவும் முடித்தார்கள். மற்றவர்கள் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து, நேர்த்தியான வடிவமைப்பிலும் சின்னத்திலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே தளத்தை விட்டு வெளியேறினார்கள். ஆர்க் என்று முடியும் முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதழுக்கு நான் பார்ப்பது: டி.ஓ.ஏ.ஜே. என்ற திறந்த அணுக்க (இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்களின் அட்டவணையில் இருக்கிறதா, பதிப்பு நெறிமுறைக்கான கோப் அமைப்பின் உறுப்பினர் பட்டியலில் (அவர்கள் தளத்திலேயே) இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் இருவரைத் தேடினால் அவர்களது சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் வருகிறதா. மூன்றாவதுதான் அதிகம் பிடித்துக் கொடுக்கும், சம்மதம் கேட்காமலே பெயர் போட்டுவிடுவார்கள்.

எண்கணக்கு · மார்ச் 6, காலை 6.30

டி.ஓ.ஏ.ஜே. பற்றி ஒரு சொல். 2013ல் சயின்ஸ் இதழ் சார்பில் ஒரு சோதனை நடந்தது. வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்து எழுதிய பொய்க் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார்கள். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஏற்றவற்றில் டி.ஓ.ஏ.ஜே.யில் இருந்தவையும் உண்டு. அதன்பின் அவர்கள் சேர்ப்பு விதிகளை இறுக்கிப் பழைய இதழ்களையும் மறுபடி விண்ணப்பிக்க வைத்தார்கள். எனவே பட்டியலில் இருந்தால் நல்ல அறிகுறி, முறைகள் பகுதியைப் படிக்கும் வேலை அதனால் குறையாது.

நூலக மேசை · மார்ச் 6, காலை 7.05

ஒப்புக்கொள்கிறேன். நேற்று எழுதியதில் அட்டவணைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை கொடுத்துவிட்டேன்.

கேட்டவர் · மார்ச் 7, மாலை 4.45

ஏ.ஐ. அரட்டையிடம் கேட்டேன். எட்டுக் கட்டுரை, ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு அழகாகக் கொடுத்தது. ஐந்துதான் ஸ்காலரில் கிடைக்கிறது.

நூலக மேசை · மார்ச் 7, இரவு 8.20

மீதி மூன்று உலகத்திலேயே இல்லாமல் இருக்கலாம். கிடைத்த ஐந்தையும் திறந்து பாருங்கள், தலைப்பு ஒன்றாகவும் உள்ளே சொல்வது வேறாகவும் இருக்கலாம். இந்தக் கருவிகள் மேற்கோளின் வடிவத்தை நன்றாகக் கற்றவை. அந்தத் துறையில் உண்மையிலேயே எழுதும் ஒருவர் பெயர், உண்மையான இதழ், நம்பும்படியான தலைப்பு மூன்றையும் சேர்த்து, யாரும் எழுதாத கட்டுரையைத் தரும். 2023ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த பொய்த் தீர்ப்புகளை மனுவில் சேர்த்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள்.

சரிபார்ப்பது எளிது. முழுத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். டி.ஓ.ஐ. கொடுத்திருந்தால் திறந்து, வரும் பக்கத்தின் தலைப்பு அதுதானா என்று பாருங்கள். இருக்கும் டி.ஓ.ஐ.யை வேறு தலைப்போடு ஒட்டித் தருவது அடிக்கடி நடக்கிறது. பிறகு இதழின் அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தில் இருப்பது எந்தக் கட்டுரை என்று உள்ளடக்கத்தில் பாருங்கள். சொற்களைத் திரட்ட, தேடல் தொடரை எழுத உதவி கேளுங்கள், தப்பில்லை. ஆதாரமாக அதைக் காட்ட முடியாது.

பேய் மேற்கோள் ஏ.ஐ.க்கு முன்பும் உண்டு. ஒரு பெரிய பதிப்பகத்தின் ஆசிரியர் வழிகாட்டியில், மேற்கோள் எப்படி எழுதுவது என்று காட்ட 2000 என்று ஆண்டு போட்ட மாதிரிக் கட்டுரை ஒன்று இருந்தது. அப்படியொரு கட்டுரையும் இல்லை, அந்த இதழும் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட 400 கட்டுரைகளின் பட்டியலில் அது ஏறிவிட்டது. பெரும்பாலும் மாநாட்டுக் கட்டுரைகளில், வார்ப்புருவிலிருந்த மாதிரி வரியை அழிக்க மறந்ததால்.

நூலக மேசை · மார்ச் 8, காலை 9.30

பலரும் "ஐந்து வருடத்துக்குள் வந்ததை மட்டும் எடு" என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். கைபேசிப் பழக்கம் பற்றிய கணக்கெடுப்பு என்றால் ஐந்து வருடமே பழையது. ஆனால் வெளிச்சம் மனிதர்களின் மெலடோனினை அடக்குகிறது என்ற வாக்கியத்துக்கு 1980ல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரைதான் மூலம். அதைச் சொல்லப் போன வருடத்து வலைப்பதிவைக் காட்டுவது முறையில்லை. எந்த வாக்கியத்துக்கு என்பதே இங்கும் அளவுகோல்.

விக்கிப்பீடியா பற்றிக் கேட்பீர்கள். முதல் நாள் படியுங்கள், அடிக்குறிப்புகளைத் திறங்கள், பேச்சுப் பக்கத்தில் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று பாருங்கள். பட்டியலில் போடுவது அடிக்குறிப்பு காட்டும் மூலத்தை, அதுவும் நீங்கள் திறந்து படித்திருந்தால் மட்டும்.

நூலக மேசை · மார்ச் 8, மாலை 5.10

தாள் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், விரிதாளாக இருந்தால் இன்னும் நல்லது. நெடுக்கையில்: என் வாக்கியம், ஆதாரம், வகை, யார் எத்தனை பேர், எப்படி அளந்தார்கள், கிடைத்த எண், ஆசிரியர்களே சொல்லும் குறை, நிதி தந்தவர், பக்க எண், திறந்து படித்த தேதி. பக்க எண்ணை அப்போதே குறிக்காவிட்டால் கடைசி இரவில் 14 பி.டி.எஃப்பையும் மறுபடி புரட்ட வேண்டிவரும்.

இன்னொரு தாளில் தேடல் குறிப்பு: தேதி, எங்கே தேடினேன், அப்படியே என்ன தட்டச்சினேன், எத்தனை வந்தது, எத்தனை எடுத்தேன். புதிய சொல் போட்டும் பழைய தலைப்புகளே திரும்பத் திரும்ப வந்தால் தேடலை நிறுத்தலாம்.

பத்து வேண்டுமென்றால் நாற்பது தலைப்பு திரட்டி, இருபது சுருக்கம் படித்து, பதினான்கைத் திறக்க வேண்டியிருக்கும் என்று நேரத்தைக் கணக்கிடுங்கள். பத்தே தலைப்பு திரட்டி பத்தையும் போட்டவரின் பட்டியல் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஸோட்டெரோ தானாக இழுக்கும் விவரங்களை நம்பி அப்படியே விடாதீர்கள். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வரும், பக்க எண் விடுபடும், தளத்தின் பெயர் ஆசிரியராக உட்கார்ந்துவிடும். சேர்த்த உடனே ஒரு நிமிடம் ஒதுக்கித் திருத்துங்கள். வலைப்பக்கம் என்றால், பழைய பக்கங்களின் படியைக் காக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அன்றைய படியைச் சேமித்து அந்தச் சுட்டியையும் வையுங்கள், ஆறு மாதத்தில் பக்கம் மறைந்துபோகக்கூடும்.

எண்கணக்கு · மார்ச் 9, காலை 6.45

தமிழில் எழுதுவதால் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரையில் 'அசோசியேட்டட் வித்' என்று கவனமாக எழுதியிருப்பார்கள். தமிழில் அது வேகமாக "காரணமாகிறது", "ஏற்படுத்துகிறது" என்று ஆகிவிடும். "தொடர்பு காணப்பட்டது" என்பதே சரி. தூக்கம் வராதவர்தான் கைபேசியை எடுக்கிறாரோ என்னவோ, ஒரே நாளில் கேட்ட கணக்கெடுப்பால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. 'மே' என்பது "கூடும்", அதை "-கிறது" ஆக்காதீர்கள். 'சிக்னிஃபிகன்ட்' என்பதை "கணிசமான" என்று எழுதாதீர்கள், "புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க" என்று முழுதாக எழுதுங்கள். 10 நிமிடம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கதாக இருக்கலாம், கணிசமா என்பது படிப்பவர் முடிவு.

கேட்டவர் · மார்ச் 11, இரவு 8.50

நேற்று எழுதிய முதல் வாக்கியம்: "இரவில் கைபேசி பார்ப்பது மாணவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஆய்வுகள் நிரூபித்துள்ளன." அதற்கு அந்த பி.என்.ஏ.எஸ். கட்டுரையைப் போட்டிருந்தேன். இன்று இப்படி மாற்றினேன்: "12 இளைஞர்களிடம் ஆய்வகத்தில் நடத்திய ஆய்வில், படுக்கும் முன் சுமார் 4 மணி நேரம் பிரகாசமான திரையில் வாசித்தபோது, அச்சுப் புத்தகம் வாசித்த இரவுகளைவிடத் தூங்கிப்போக ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாகியது. பள்ளி மாணவர்களின் வழக்கமான கைபேசிப் பயன்பாட்டுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைக் கீழுள்ள ஆய்வுகள் வழியே பார்க்கலாம்." நீளமாகிவிட்டதா மேடம்?

நூலக மேசை · மார்ச் 11, இரவு 9.25

நீளம் இருக்கட்டும். "பிரகாசமான" என்ற இடத்தில் "வெளிச்சத்தை உச்சத்தில் வைத்த ஐபேட்" என்றும், அறை மங்கலாக இருந்தது என்றும் சேருங்கள். "கீழுள்ள ஆய்வுகள்" என்றதில் கணக்கெடுப்பு எது, மணிக்கட்டுக் கருவி வைத்துச் செய்தது எது என்று பிரித்து அடுக்குங்கள். இரண்டாவது வகையில் உங்களிடம் எத்தனை இருக்கிறது?

கேட்டவர் · மார்ச் 11, இரவு 9.40

ஒன்றுதான். மணிக்கட்டுக் கருவிக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ஆக்டிகிராஃபி என்று இப்போதுதான் அதன் கீவேர்ட்ஸ் வரியில் பார்த்தேன். அதைப் போட்டு மறுபடி தேடுகிறேன்.